பிஸ்டன் பெட்டியில் இருக்கும் எண்ணா, பங்க்கில் இருக்கும் எண்ணா? ஏடிவி எஞ்சினின் கம்ப்ரஷன் கணக்கு

ஸ்போர்ட் ஏடிவி வைத்திருப்பவர்கள் மத்தியில் 'கம்ப்ரஷன் ஏத்தியாச்சு' என்று சொல்வதற்கே ஒரு தனி கெத்து உண்டு. அமெரிக்காவில், குறிப்பாக கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளில் வண்டி ஓட்டுபவர்களிடம், இது கிட்டத்தட்ட ஒரு சடங்கு. முதலில் சைலன்சர் மாறும். அடுத்து ஏர் ஃபில்டர். பிறகு ஒருநாள் 'ஹை கம்ப்ரஷன்' என்று எழுதிய பிஸ்டன் பெட்டி வீட்டுக்கு வந்துவிடும். பெட்டியின் மேல் 11:1, 12:1, 13.5:1 என்று ஏதாவது ஒரு எண். எண் கூடக்கூட சக்தி கூடும், அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. பெட்டியில் உள்ள எண்ணைத் தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டிய எண் வேறொன்று. வண்டி வழக்கமாக ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பங்க்கில் எழுதியிருக்கும் ஆக்டேன் எண் அது. அந்தப் பெட்ரோல் தாங்குகிற அளவுக்குக் கம்ப்ரஷனை ஏற்றுவது நல்ல செலவு. அதற்கு மேல் ஏற்றுவது, போட்டியில் ஓட்டாத ஒருவருக்கு, காசு கொடுத்து டென்ஷனை வாங்குகிற வேலை.

இரண்டு தேக்கரண்டி இடம்

கம்ப்ரஷன் விகிதம் என்பது எளிய வகுத்தல் கணக்கு. பிஸ்டன் அடியில் இருக்கும்போது சிலிண்டருக்குள் உள்ள மொத்த இடத்தை, பிஸ்டன் உச்சிக்கு வந்த பிறகு மிஞ்சும் இடத்தால் வகுக்க வேண்டும்.

1999-இல் அறிமுகமாகி, இன்றும் பழைய வண்டிச் சந்தையில் மவுசு குறையாத ஹோண்டா டிஆர்எக்ஸ்400இஎக்ஸ் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். ஒரே சிலிண்டர். போர் 85 மி.மீ., ஸ்ட்ரோக் 70 மி.மீ., கொள்ளளவு 397 சிசி. கம்பெனி கொடுத்த விகிதம் 9.1:1. அப்படியென்றால் பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 49 சிசி. இதை 11:1 ஆக்க வேண்டுமானால் அந்த 49 சிசி, 40 சிசிக்கும் சற்றுக் கீழே இறங்க வேண்டும். ஆக, மொத்தமே 9 சிசி விவகாரம்தான் இது. இரண்டு தேக்கரண்டிக்கும் குறைவு. குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றித் தரும் மூடியில் அடங்கிவிடும்.

இந்தச் சின்ன இடத்தை எப்படிக் குறைப்பது என்பதில்தான் எல்லா வழிகளும் பிரிகின்றன.

மலிவான வழி, சிலிண்டருக்கு அடியில் உள்ள பேஸ் கேஸ்கட்டை மெல்லியதாக மாற்றுவது. அதில் 0.25 மி.மீ. குறைந்தால் சுமார் 1.4 சிசி போகும், விகிதம் 9.1-இலிருந்து 9.3 ஆகும். கிலோமீட்டர் கணக்கில் மணலில் ஏறுபவருக்கு இது தெரியவே தெரியாது. லேத்தில் கொடுத்து ஹெட்டின் முகத்தை அரை மி.மீ. சீவினால் அதிகபட்சம் 2.8 சிசி, விகிதம் ஏறக்குறைய 9.6. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு வழிகளிலும் ஹெட் கிராங்க்கை நெருங்கி வருகிறது. டைமிங் செயினில் ஏற்படும் தொய்வை டென்ஷனர் இழுத்துக்கொள்ளும். அதன் விளைவாக கேம்ஷாஃப்ட் சில நொடிக்கணக்கில் அல்ல, டிகிரிக் கணக்கில் பின்தங்கும். வால்வுகளும் பிஸ்டனுக்கு அவ்வளவு கிட்டே வந்துவிடும். இந்த வழியிலேயே 9 சிசியையும் எடுக்க நினைத்தால் 1.6 மி.மீ.க்கு மேல் கீழிறக்க வேண்டும். அது நடக்கிற காரியம் இல்லை.

அதனால்தான் எல்லோரும் பிஸ்டனுக்கு வருகிறார்கள். தலைப்பகுதி மேடாக, எரி அறைக்குள் துருத்திக்கொண்டு போகும் பிஸ்டன் அந்த 9 சிசியைத் தானே அடைத்துக்கொள்கிறது. கேம் டைமிங் நகராது. வைஸ்கோ, ஜேஇ, சிபி போன்ற கம்பெனிகள் விற்பது பெரும்பாலும் ஃபோர்ஜ் செய்த பிஸ்டன்கள், அடி தாங்கும். ஆனால் சில ஃபோர்ஜ் ரகங்கள் சூட்டில் அதிகம் விரிவதால் சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் இடையே கூடுதல் இடைவெளி விட வேண்டியிருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக் டக் என்று சத்தம் வரும். 'புது பிஸ்டன்தானே போட்டோம்?' என்று பதறத் தேவையில்லை. இரண்டு மூன்று நிமிடம் சூடாக விட்டால் அடங்கிவிடும். சூடாகும் முன்பே ஆக்சிலரேட்டரை முறுக்கினால்தான் ஆபத்து.

பலர் கவனிக்காத இன்னொரு விஷயம், போரைப் பெரிதாக்கினாலே கம்ப்ரஷன் ஏறிவிடும் என்பது. இதே எஞ்சினை 87 மி.மீ.க்கு ரீபோர் செய்தால் கொள்ளளவு 416 சிசி. மேலே மிஞ்சும் இடம் அதே 49 சிசியாக இருந்தாலே விகிதம் 9.5:1 ஆகிவிடுகிறது. பெரிய போர், மேடான பிஸ்டன், சீவிய ஹெட் மூன்றையும் தனித்தனியாக, வெவ்வேறு வருடங்களில் செய்துகொண்ட வண்டியில் விகிதம் எங்கே போய் நிற்கும் என்று உரிமையாளருக்கே தெரியாமல் போவது இப்படித்தான்.

பெட்டியில் உள்ள எண் ஏன் பொய் சொல்லும்?

பொய் என்பது கொஞ்சம் கடுமையான வார்த்தை. பிஸ்டன் தயாரிப்பவர் 11:1 என்று எழுதும்போது, கம்பெனியிலிருந்து வந்த ஹெட், கம்பெனி கேஸ்கட், யாரும் கைவைக்காத சிலிண்டர் ஆகியவற்றை வைத்துக் கணக்குப் போடுகிறார். 20 வருடம் ஓடிய வண்டியில் இவற்றில் எது மிச்சம் இருக்கிறது? முன்பே ஹெட் சீவியிருந்தால் விகிதம் கூடும். வால்வு சீட்டைத் திரும்பத் திரும்ப வெட்டி வால்வுகள் உள்ளே இறங்கியிருந்தால் குறையும்.

உண்மையான எண் வேண்டுமானால் அளந்துதான் பார்க்க வேண்டும். அதற்குத் தேவை பிளஸ் டூ வேதியியல் லேபில் எல்லோரும் பிடித்த அதே பியூரெட்தான். எரி அறையின் வாயைத் துளையிட்ட கண்ணாடித் தகட்டால் மூடி, துளை வழியாகத் திரவத்தை இறக்கி, எத்தனை சிசி பிடிக்கிறது என்று பார்ப்பார்கள். பிஸ்டன் மேட்டுக்கும் அதே மாதிரி ஓர் அளவு. பிறகு பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே எவ்வளவு இடம் இருக்கிறது என்று களிமண் வைத்து, எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். நசுங்கிய களிமண்ணின் தடிமன்தான் விடை. அரை நாள் வேலை. இதைச் செய்யாமல் ஹெட்டை மூடுகிற பட்டறையில் ஹை கம்ப்ரஷன் வேலைக்கு வண்டியை விடாமல் இருப்பது நல்லது.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் எண்ணே வேறு மொழி பேசும். யமஹா பேன்ஷீ 350 வண்டிக்குக் கம்பெனி சொன்ன விகிதம் 6.5:1. இதை 400இஎக்ஸின் 9.1-உடன் ஒப்பிட்டு 'இவ்வளவு கம்மியா?' என்று கேட்பவர்கள் உண்டு. பேன்ஷீயின் கணக்கு, எக்ஸாஸ்ட் போர்ட் மூடிய பிறகு மிஞ்சும் ஸ்ட்ரோக்கை மட்டும் வைத்துப் போட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசவே முடியாது. பேன்ஷீக்காரர்கள் விகிதத்தை விட்டுவிட்டு டோமின் அளவைச் சொல்வது அதனால்தான்: '20 சிசி டோம்', '18 சிசி டோம்' என்று. ஹெட்டின் உள்ளே கழற்றி மாட்டக்கூடிய கிண்ணம் போன்ற பாகம் அது. எண் சிறிதானால் கம்ப்ரஷன் கூடும்.

இந்த எஞ்சினில் கம்ப்ரஷனைவிட முக்கியமான அளவு ஸ்க்விஷ். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் ஓரத்துக்கும் ஹெட்டுக்கும் இடையே மிஞ்சும் சந்து. அது ஏறக்குறைய 1 மி.மீ. அளவில் இருந்தால் ஓரத்தில் உள்ள கலவை நடுப்பகுதிக்குப் பீய்ச்சித் தள்ளப்பட்டு வேகமாக எரியும். சந்து அகலமாக இருந்தால் ஓரத்துக் கலவை அங்கேயே தங்கி, நேரம் கெட்ட நேரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும். அளப்பதற்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் சால்டரிங் ஈயக் கம்பி போதும். ஸ்பார்க் பிளக் துளை வழியே சிலிண்டர் சுவரைத் தொடும்படி விட்டு, எஞ்சினை ஒருமுறை சுற்றி, நசுங்கிய நுனியை அளந்தால் முடிந்தது. இதே வண்டிகளில் இக்னிஷனை 4 டிகிரி முன்கூட்டியே நகர்த்தும் பிளேட் போடுவதும் பிரபலம். சின்ன டோமையும் அந்தப் பிளேட்டையும் சேர்த்துப் போட்டு, சாதாரண பெட்ரோல் ஊற்றுகிறவர் சீக்கிரமே புது பிஸ்டன் வாங்குவார்.

கிடைப்பது எவ்வளவு?

பாடப்புத்தகத்தின் ஓட்டோ சுழற்சிக் கணக்குப்படி, 9.1-இலிருந்து 11-க்குப் போனால் எஞ்சினின் செயல்திறன் சுமார் 5 சதவீதம் கூடும். 11-இலிருந்து 13-க்குப் போனால் 4 சதவீதம். 13-இலிருந்து 15-க்கு, 3 சதவீதம். மேலே போகப் போகப் பலன் சுருங்கிக்கொண்டே வருகிறது. இதுவும் உரசலும் வெப்ப இழப்பும் இல்லாத காகிதக் கணக்கு. சக்கரத்தில் 30 குதிரைத்திறன் தரும் எஞ்சின் என்று வைத்துக்கொண்டால் முதல் படியில் கிடைப்பது ஒன்றரை குதிரைத்திறன்.

'அப்ப எதுக்கு இவ்வளவு அமர்க்களம்?' என்ற கேள்வி நியாயமானது. ஓட்டுகிறவர் உணர்வது உச்ச சக்தியை மட்டும் அல்ல. பாதி ஆக்சிலரேட்டரில், கீழ் ஆர்பிஎம்மில் வண்டி உடனே கிளம்புவது தெரிகிறது. அதிலும் கேம்ஷாஃப்ட் மாற்றிய வண்டியில் வித்தியாசம் நன்றாகவே தெரியும். மேல் ஆர்பிஎம்முக்காகச் செய்த கேம், இன்டேக் வால்வை நேரம் கழித்து மூடுகிறது. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்திருப்பதால், குறைந்த வேகத்தில் கலவையில் ஒரு பகுதி வந்த வழியே வெளியே போய்விடும். காகிதத்தில் 9.1 என்றாலும் உண்மையில் அழுத்தப்படுவது அதைவிடக் குறைவு. கம்ப்ரஷனை ஏற்றுவது இழந்த அந்தக் கீழ்ப்பகுதி இழுவையைத் திருப்பித் தருகிறது. பிஸ்டனையும் கேமையும் ஜோடியாகத் தேர்ந்தெடுக்கச் சொல்வதன் காரணம் இதுதான். கேம் மாற்றாமல், கார்புரேட்டரைச் சரிசெய்யாமல், அடைத்துப்போன ஃபில்டரோடு ஓடும் வண்டிக்கு முதல் வேலையாக ஹை கம்ப்ரஷன் பிஸ்டன் போடுவது வீண்.

இதோடு ஒட்டிய ஒரு தவறான நம்பிக்கை: கம்ப்ரஷன் ஏற்றினால் பெரிய மெயின் ஜெட் போட்டே ஆக வேண்டும் என்பது. பிஸ்டன் மாறுவதால் எஞ்சின் இழுக்கும் காற்று பெரிதாகக் கூடுவதில்லை. அதே காற்றைத்தான் இன்னும் இறுக்கமாக அழுத்துகிறது. ஜெட்டை மாற்றவைப்பது சைலன்சரும் ஏர்பாக்ஸ் மூடியைக் கழற்றியதும்தான்.

பங்க்கில் இருக்கும் எண்

இறுக்கமாக அழுத்தினால் கலவை சூடாகும். ஸ்பார்க் பற்றவைத்த தீ பரவி வந்து சேர்வதற்குள், ஓரத்தில் காத்திருக்கும் கலவை சூடு தாங்காமல் தானே வெடித்தால் அதுதான் நாக்கிங். பெட்ரோல் இதை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதன் அளவே ஆக்டேன். ஆக்டேன் கூடிய பெட்ரோல் தானாக சக்தி தராது. சக்தி தரும் கம்ப்ரஷனை அனுமதிக்கும், அவ்வளவுதான்.

புதிய கார்களில் நாக் சென்சார் உண்டு. வெடிப்பு தொடங்கியதும் கம்ப்யூட்டர் இக்னிஷனைப் பின்தள்ளிக் காப்பாற்றிவிடும். கார்புரேட்டர் காலத்து ஸ்போர்ட் குவாட்களில் அப்படி எதுவும் இல்லை. ஹெல்மெட்டும் சைலன்சர் சத்தமும் சேர்ந்து காதையும் அடைத்துவிடும். முதல் அறிகுறி பெரும்பாலும் ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோலத் தெரியும் கரும்புள்ளிகள், அல்லது மினுமினுக்கும் அலுமினியத் துகள்கள். அலுமினியம் பிஸ்டனிலிருந்து வந்தது.

கலிஃபோர்னியாவில் சாதாரணமாகக் கிடைக்கும் பிரீமியம் பெட்ரோல் 91. காற்றில் குளிரும் 400இஎக்ஸ் போன்ற எஞ்சினுக்கு இந்தப் பெட்ரோலில் 10.5 முதல் 11 வரைதான் எல்லை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. தண்ணீரில் குளிரும் 450 எஞ்சின்கள் 12-ஐ எளிதாகத் தாங்கும். 13-க்கு மேல் என்றால் ரேஸ் பெட்ரோல் கலக்க வேண்டும். அதன் விலை ஒருபுறம் இருக்கட்டும், பாலைவனத்தின் நடுவில் கேன் காலியானால் என்ன செய்வது?

இங்கே ஒரு இடறல். அமெரிக்க பங்க்கில் எழுதும் 91-உம் இந்திய பங்க்கில் சொல்லும் 91-உம் ஒன்றல்ல. இந்தியாவின் 91, 95, 100 எல்லாம் ஆர்.ஓ.என். என்ற ஒரே சோதனையின் எண். அமெரிக்க எண், ஆர்.ஓ.என்.னுக்கும் அதைவிடக் கடுமையான எம்.ஓ.என். சோதனைக்கும் சராசரி. அமெரிக்க 91, இங்கே ஏறக்குறைய 95 அல்லது 96-க்குச் சமம். '91 போதும்னு சொன்னாங்களே' என்று அமெரிக்க வீடியோவைப் பார்த்து இங்கே பைக்குக்குப் பிஸ்டன் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

உயரமும் கணக்கில் வரும். கொலராடோவின் டென்வர் நகரம் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்குக்கு மேல் குறைவு. சிலிண்டருக்குள் நுழையும் காற்றே குறைவு என்பதால் நாக்கிங்கும் குறைவு. அந்த மலை மாநிலங்களில் 85 ஆக்டேன் பெட்ரோல்கூட விற்பனையாவது இதனால்தான். அங்கே ஓடும் வண்டிக்கு 12:1 பிஸ்டன் பொருத்தமான தேர்வுதான். அதே வண்டியை ட்ரெய்லரில் ஏற்றி, சில நூறு அடி உயரமே உள்ள கிளாமிஸுக்குக் கொண்டுவந்தால் காற்று அடர்த்தியாகிவிடுகிறது. மலைக்காகப் போட்ட சின்ன ஜெட், பெட்ரோலைக் குறைவாகக் கொடுக்கிறது. இரண்டும் சேர்ந்து, மணலில் முழு ஆக்சிலரேட்டரில் நீண்ட ஏற்றம் ஏறும்போது, எஞ்சின் தாங்காது. பிஸ்டன் மீது குற்றமே இல்லை. ஊர் மாறியதுதான் பிரச்சினை.

கம்பெனிகளே என்ன செய்தன?

யமஹா 2004-இல் ஒய்எஃப்இசட்450 குவாட்டை விட்டபோது, அதன் எஞ்சின் ஒய்இசட்450எஃப் மோட்டோகிராஸ் பைக்கிலிருந்து வந்தது. பைக்கில் 12.5:1. குவாட்டில் 11.9:1 ஆகக் குறைத்தார்கள். 100 கிலோ சொச்சம் எடையுள்ள பைக்கைப்போல் இல்லாமல், 160 கிலோ வண்டியை நான்கு பெரிய டயர்களோடு மணலில் இழுக்கும் எஞ்சின் ஓய்வே இல்லாமல் உழைக்கும் என்பது தயாரித்தவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஹோண்டா எதிர்த்திசையில் போனது. டிஆர்எக்ஸ்450ஆர் 2004-இல் 10.5:1 விகிதத்தோடு வந்தது. 2006-இல் 12:1 ஆனது. ஆனால் வெறும் பிஸ்டனை மாற்றி அதைச் செய்யவில்லை. போர் 94-இலிருந்து 96 மி.மீ. ஆனது, ஸ்ட்ரோக் 64.8-இலிருந்து 62.1 மி.மீ.க்குக் குறைந்தது. கொள்ளளவு கிட்டத்தட்ட அதேதான். ஒன்றரைப் புள்ளி ஏற்ற, எஞ்சினின் அடிப்படை அளவுகளையே மாற்றியிருக்கிறார்கள். அந்த எஞ்சினில் மேலும் ஒன்றரைப் புள்ளியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் ஏற்றிவிடலாம் என்று நினைப்பவர், ஹோண்டாவின் எஞ்சினியர்கள் வேலை வெட்டி இல்லாமல் அதைச் செய்தார்கள் என்று நினைக்கிறார் என்றுதான் அர்த்தம்.

பழைய வண்டி வாங்குபவருக்கு

இதில் உண்மையாக மாட்டிக்கொள்பவர் பிஸ்டன் போட்டவர் அல்ல. அவரிடமிருந்து வண்டியை வாங்குபவர்தான். விற்றவர் சொல்ல மறந்திருப்பார், அல்லது அவருக்கே தெரியாது. வாங்கியவர் மலிவான பெட்ரோலை ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

கம்ப்ரஷன் கேஜை வைத்துப் பார்த்தால் தெரியாதா? பல நான்கு ஸ்ட்ரோக் குவாட்களில் தெரியாது. எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காக, சுற்றும்போது எக்ஸாஸ்ட் வால்வைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்கும் ஆட்டோ டீகம்ப்ரஷன் அவற்றில் உண்டு. கேஜில் வரும் எண் குறைவாகவே இருக்கும். அதை வைத்து ஸ்டாக் பிஸ்டன் என்று முடிவு கட்ட முடியாது. லீக்டவுன் சோதனை ரிங்குகளும் வால்வுகளும் எப்படி இருக்கின்றன என்று சொல்லும், விகிதத்தைச் சொல்லாது.

இப்போது ஃபோனில் மாட்டிப் பார்க்கும் போரோஸ்கோப் கேமரா மலிவாகக் கிடைக்கிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே விட்டால் பிஸ்டனின் தலை தெரியும். நடுவில் உயரமான மேடும், வால்வுக்காக ஆழமாக வெட்டிய குழிகளும், பொறித்த எண்களும் இருந்தால் அது கம்பெனி பிஸ்டனாக இருக்க வாய்ப்பு குறைவு. ஓரத்தில் மணல்தாளால் தேய்த்ததுபோல் சொரசொரப்பாக இருந்தால் ஏற்கெனவே நாக்கிங்கில் ஓடிய வண்டி. விலையில் ஒரு ரீபில்ட் செலவைக் கழித்துக்கொண்டு பேசலாம். எதுவும் சரியாகத் தெரியவில்லையென்றால், ஹெட்டைத் திறந்து பியூரெட் வைக்கும்வரை அந்த ஊரில் கிடைக்கும் மிக உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலை மட்டும் ஊற்றி, முதல் நீண்ட ஏற்றம் முடிந்ததும் எஞ்சினை நிறுத்தி பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.